முப்பத்தொரு புள்ளிகள்

மருத்துவமனையின் இணையதளத்தில் நோயாளிகள் தங்கள் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும் பக்கத்தைச் செய்தவள் நான். கடவுச்சொல் பெட்டிக்குக் கீழே பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று என்று கட்டளைகளை அடுக்கியிருந்தேன். இத்தனை இருந்தால் எவனும் கை வைக்க முடியாது என்று நம்பினேன்.

பாதுகாப்புப் பிரிவில் ஒருவர் இருந்தார். பூட்டுக்காரர் என்று கூப்பிடுவோம். திருடன் செய்யக்கூடியதை அவனுக்கு முன்பே செய்து பார்ப்பதுதான் அவர் வேலை. ஒரு நாள் காலை, நிர்வாகத்தின் அனுமதியோடு, இதே கட்டளைகளின்படி ஊழியர்கள் வைத்திருந்த கடவுச்சொற்களை ஊகிக்கும்படி ஒரு கணினி இயந்திரத்தை ஏவிவிட்டார். டீ ஆறுவதற்குள் பாதிக்கு மேல் திறந்துகொண்டன. அதில் என்னுடையதும் ஒன்று. மகளின் பெயர், பிறந்த வருடம், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.

“உங்களுது மூணாவது நிமிஷம்” என்றார். கூனிக் குறுகிப் போனேன்.

அவர் கேலி செய்யவில்லை. கட்டளை போட்டால் எல்லோரும் ஒரே வழியில்தான் தப்பிக்கிறார்கள், பெரிய எழுத்தை முதலில் வைப்பார்கள், எண்ணையும் குறியையும் வாலில் ஒட்டுவார்கள், அது இயந்திரத்துக்கு அத்துப்படி என்று விளக்கினார்.

அன்றே கட்டளைகளை எல்லாம் தூக்கிவிட்டு ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து சொற்களை, உங்களுக்குத் தோன்றியபடி எழுதுங்கள்.’ இது எடுபடுமா என்று பார்க்க, மடிக்கணினியோடு காத்திருப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். வெறும் சோதனைக் கணக்குதான், இயந்திரம் ஒரு வாரம் இதை உடைக்கப் பார்க்கும் என்று சொல்லித்தான் கேட்டேன். பன்னிரண்டு பேர் சம்மதித்தார்கள்.

கடைசியாக வந்தவர் சலவைப் பிரிவில் வேலை செய்யும் அக்கா. போர்வை வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, தனக்கு எழுத்துப்பிழை நிறைய வரும் என்று தயங்கினார்.

“உங்களுக்கு ஞாபகம் இருந்தா போதும்கா” என்றேன்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குள்ளேயே ஏதோ சிரிப்பு. பிறகு ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். நான் விசைப்பலகையைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்தேன். எழுத்துக்கு ஒன்றாக, அதை மறைக்கும் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே போயின. முப்பத்தொன்று. கடவுச்சொல்லின் வலிமையைக் காட்டும் பட்டை பச்சையானது.

நாலாம் நாள் அவரைத் தேடிப்போய் மறுபடி எழுதச் சொன்னேன். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

வாரக் கடைசியில் பூட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டில் மூன்று திறந்திருந்தன. மூவரும் சொற்களோடு சொந்தப் பெயரைச் சேர்த்திருந்தார்கள். மற்றவை திறக்கவில்லை. அக்காவுடையதன் பக்கத்தில்கூட இயந்திரத்தால் நெருங்க முடியவில்லை, இதே வேகத்தில் தேடினால் நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் தேடிக்கொண்டுதான் இருக்கும் என்றார். அவர் குரல் தணிந்திருந்தது. அந்த அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். பூட்டுக்காரர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அறை முழுக்கக் கணினியைக் குளிர்விக்கும் விசிறிகளின் இரைச்சல். இயந்திரத்திலிருந்து அனல் அடித்தது.

“இது எவ்ளோ வேகமா தேடும்?” என்று அக்கா கேட்டார்.

“ஒரு நொடிக்குப் பல கோடி தடவைங்க.”

“இத்தனை நாளாவா?”

“நிறுத்தவே இல்லைங்க.”

அக்கா அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது போலும், எடுத்துவிட்டார். “நான் அரை நிமிஷம்தான் யோசிச்சேன்” என்றார் மெதுவாக.

பூட்டுக்காரர் என்னதான் எழுதினீர்கள் என்று கேட்க வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். சொல்லவில்லை. நாலு வார்டு போர்வை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

புதிய பக்கம் அடுத்த மாதம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சோதனையில் நூற்றுக்கு ஏழுதான் திறந்தன.

ஆனால் அக்கா மேலே வந்துபோன அன்று மதியம் கீழே இறங்கினேன். கூடத்தில் சீட்டைக் கையில் பிடித்தபடி ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருத்தி குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இவர் கண்ணை மூடினால் என்ன சொற்கள் வருமோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே, யார் மீதும் இடித்துவிடாமல், மெல்ல நடந்தேன்.