பழகிய பனியாறு

பெர்னினா பனியாற்றில் பாதித் தூரம் ஏறியதும், சிறுநீர் கழிக்கவென்று தம்பி கொர்சின் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கழற்றினான்.

"கழட்டாதடா! கட்டை இல்லாம மேல்பனி உன் கனத்தத் தாங்காது!" என்று அக்கா லடினா கத்தி முடிக்குமுன், பனி பொத்தென்று உள்வாங்கியது. அடியில் மறைந்திருந்த பிளவுக்குள் அவன் அக்குள்வரை இறங்கித் தொங்கினான். காலுக்கடியில் வெறும் இருட்டு.

"அக்கா, கயிற வீசு!"

"அது உன் முதுகுலதான்டா இருக்கு, வீணாப்போனவனே!"

"இது நம்ம வீட்டு வாசல் மாதிரி. இங்க கயிறு கட்டிக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்" என்று காலையில் அதைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்தவன் அவன்தான்.

லடினா தன் கட்டைகள்மேல் குப்புறப் படுத்து, அங்குலம் அங்குலமாக ஊர்ந்து, கைத்தடியை நீட்டினாள். அவன் விரல்கள் அதைத் தொட்டன.

வீட்டு வாசல் இன்னும் ஒரு சாண் கீழே இறங்கியது.