மணிவேலின் வலது கால்

எங்க வீட்டுக்காரரு மணிவேலு நடிக்கிறாருன்னு கருக்களாச்சேரி ஊரு பூரா சொன்னவ நான்தான். வேற யாரும் சொல்லல, இந்த வாயாலதான் சொன்னேன்.

மாசிக் கடைசில ஐயனாரு அண்ணன் விசைப்படகுல வலையைக் கொட்டி மீனு பிரிக்கிறப்ப, திருக்கை வாலு முள்ளு இவரு வலது பொறங்கால்ல ஏறிடுச்சு. சுடுதண்ணில காலை வச்சு, கரைக்கு வந்ததும் ஆஸ்பத்திரில முள்ளை எடுத்து, ஊசி போட்டு, எல்லாம் முறையாத்தான் நடந்துச்சு. மூணு வாரத்துல புண்ணு ஆறி தோலு மூடிடுச்சு. வலி மட்டும் போவல.

போர்வை பட்டா எரியுதும்பாரு. ஃபேன் காத்து அடிச்சா பல்லைக் கடிப்பாரு. கைலியை முட்டிக்கு மேல மடிச்சுக் கட்டிக்கிட்டு நாள் முழுக்க ஒரே எடத்துல உக்காந்திருப்பாரு. நான் மீன் கூடையைத் தூக்கிக்கிட்டு நெரவி வரைக்கும் தெருத்தெருவா கத்திட்டு வருவேன். வந்து பாத்தா, கால் மேல ஈ உக்காந்துச்சுன்னு மனுசன் கண்ணு கலங்கிக் கெடப்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். எட்டு நாள் கடல்ல கெடந்து வர்றவருக்கு ஈ உக்காந்தா வலிக்குதாம். யாருகிட்ட கதை விடுறாருன்னு பொதுக்குழாயடியில நின்னு நானே சொல்லிச் சிரிச்சேன்.

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சு படகெல்லாம் கரையில நின்னப்ப, காரைக்கால்ல பிசியோதெரபி பாக்குற இஃபாத் டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். நடிக்கிறாரா, நெசமா வலிக்குதா, அதை மட்டும் சொல்லுங்கன்னு அவரு எதிர்லயே கேட்டேன். இவரு தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

"நெசமாதாம்மா வலிக்குது. புண்ணு ஆறிடுச்சு, நரம்பு ஆறல" ன்னாங்க டாக்டரம்மா.

அப்புறம் பொறுமையா சொன்னாங்க. காலுலேருந்து சேதி கொண்டுபோற நரம்பு, முள்ளு ஏறுனப்ப போட்ட கூப்பாட்ட இன்னும் நிறுத்தலயாம். நாளெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு தண்டுவடம் உஷாராயி, சும்மா தொட்டாலும் குத்துறாங்கன்னு மூளைக்குச் சொல்லுதாம். வலியை அடக்கச் சொல்லி மூளையிலேருந்து கீழ எறங்கி வர்ற உத்தரவும் பலமில்லாம போச்சாம். கோயில் மைக்செட்டுல சத்தத்தை முழுசா ஏத்திவிட்டா கிட்ட நின்னு மூச்சு விட்டாலும் ஊருக்கே கேக்கும்ல, அந்த மாதிரின்னாங்க. எறக்கலாம், ஆனா கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்க முடியும்.

மொதல்ல பஞ்சால தடவணும். பழகுனப்புறம் துண்டு. அதுக்கப்புறம் ஒரு தட்டுல மணலைக் கொட்டி அதுல காலை வைக்கணும். எதுவா இருந்தாலும் வலி ஏறுறதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். "ஆபத்து இல்லன்னு அந்தக் காலு நம்பணும்மா, அவசரப்படுத்தாதீங்க" ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு சொன்னாங்க.

நான்தான் தடவுனேன். தெனம் மூணு வேளை, பத்துப் பத்து நிமிசம். வைகாசி பொறக்குறப்ப துண்டு வரைக்கும் வந்துட்டாரு. முக்குக் கடைக்கு நடந்து போயி டீ குடிச்சிட்டு வந்தாரு. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல.

அப்பத்தான் ஐயனாரு அண்ணன் வீட்டுக்கு வந்தாரு. நல்ல மனுசன், குத்தம் சொல்லக் கூடாது. தடை முடிஞ்சு படகு எறங்குற அன்னைக்கு மணிவேலு ஏறலன்னா, அந்த எடத்துக்கு வேற ஆளு போட்டாகணும், எடம் கேட்டு வர்றவங்கள்ல எத்தினி பேரைத்தான் நான் நிறுத்தி வைக்கிறதுன்னாரு. பதினாலு வருசமா இவரு நின்ன எடம் அது. ஒருத்தன் ஏறிட்டா அப்புறம் அவனை எறங்குன்னு யாரு சொல்லுவா? எண்ணிப் பாத்தா பத்தொம்பது நாள்தான் இருந்துச்சு.

எனக்கு எங்கேருந்து பொறுமை வரும்? எங்க பக்கம் காலு குடைச்சல்னா உச்சி வெயில்ல கடக்கரை மணல்ல காலைப் பொதைச்சு வைப்பாங்க, குடைச்சல் எறங்கிடும்னு. டாக்டரம்மாவும் மணலுதானே சொன்னாங்க, அவங்க தட்டுல வைக்கச் சொன்னாங்க, நமக்கு கடக்கரையே கெடக்குதுன்னு கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கத்திரி வெயிலு, மத்தியானம் பன்னெண்டு மணி. காத்து வாங்கலாம் வாங்கன்னு கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு, கணுக்கால் வரைக்கும் சுடுமணலை அள்ளிப் போட்டு, முட்டியை ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டேன். போதும் அஞ்சுகம்னாரு. இன்னும் கொஞ்சம்னேன். போதும்டின்னு மறுபடி சொன்னாரு.

"ஆம்பளைதானா நீங்க?" ன்னு கேட்டேன்.

அதுக்கப்புறம் போதும்னு அவரு சொல்லல. மூஞ்சி வெளுத்துச்சு, நான் விடல. அப்படியே மயங்கி பக்கவாட்டுல சாஞ்சுட்டாரு.

கொப்புளம் ஒண்ணும் இல்ல. மணலு சுட்ட செவப்பு சாயங்காலத்துக்குள்ள போயிடுச்சு. ஆனா வலி முட்டி வரைக்கும் ஏறிடுச்சு. மறுநாள் கூட்டிட்டுப் போயி காட்டுனப்ப டாக்டரம்மா என்னைத் திட்டல, திட்டியிருந்தா தேவலை. பயந்த நரம்பு எது வலிச்சுச்சுங்கிறதை மட்டும் ஞாபகம் வச்சுக்காதும்மா, அந்த நேரம் பக்கத்துல என்ன இருந்துச்சோ அதையும் சேத்து வச்சுக்கும்னாங்க. எனக்கு அப்ப வெளங்கல.

வீட்டுக்கு வந்து பஞ்சை எடுத்துக்கிட்டு கிட்ட போனேன். தொடவே இல்ல, மொழம் தூரம் இருக்கு. காலு வெடுக்குன்னு உள்ள போச்சு, அவரு நெத்தியில வேர்வை. கொலுசு சத்தத்துக்குத்தானோன்னு கொலுசைக் கழட்டி வச்சேன். மீன் கவிச்சியோன்னு குளிச்சிட்டு வந்தேன். அப்பவும் இழுத்துச்சு.

"நான் இழுக்கல அஞ்சுகம். அதுவா இழுத்துக்குது" ன்னு அழுவுற கொரல்ல சொன்னாரு.

தடை முடிஞ்ச அன்னைக்குப் படகுக்கு மாலை போட்டு எறக்குனாங்க. இவரு எடத்துல மேலத்தெருப் பையன் ஒருத்தன் நின்னான்.

இப்ப அவரு தங்கச்சி வினோதினிதான் வந்து பஞ்சு தடவுது. அது தொட்டா தாங்கிக்கிறாரு. அந்தப் பத்து நிமிசமும் நான் கொல்லைப் பக்கம் போயி, என் சத்தம் உள்ள கேக்காத தூரத்துல நிக்கிறேன். அவரு நடிக்கிறவரா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு நிக்கிறேன்.