கையெழுத்தில்லாத மனு

1

இப்போதெல்லாம் யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லையாம். கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குத் திரைச்சீலை வாங்கிக் கொடுத்தவனும் "நானாகத்தான் செய்தேன்" என்பான். கூட்டத்துக்கு வண்டியில் ஏறிப் போனவனும் "நானாகத்தான் போனேன்" என்பான். முகத்தைப் பார்த்தால் பல் பிடுங்கிக்கொண்டு வந்தவன் மாதிரி இருக்கும்.

இதை நான் கதையாகத் தொடங்கவில்லை. போன வாரம் ஆய்ம்கான் வந்தாள். கணவனை இழந்தவள். எங்கள் வாய்க்கால் ஓரத்தில் அவளுக்கு ஒரு வாதுமைப்பழத் தோப்பு உண்டு. இப்போது பாதித் தோப்பு.

"அண்ணே, பதினேழு நாள் மதகை ஏன் அடைச்சீங்கன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. பத்கேன்ல பெரிய கோர்ட்டுல குடுக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது."

"எனக்கு எங்க எழுத வரும்? நாலு வருஷம் படிச்சவன்."

"திட்ட வருதில்ல? அதையே எழுதுங்க."

உட்கார்ந்தேன். 'நான்' என்று எழுதினேன். கை நின்றுவிட்டது. அதை அடித்துவிட்டு 'ஒரு மதகுக்காரன்' என்று எழுதினேன். மளமளவென்று வந்தது. மனு கதையானது அப்படித்தான்.

2

மே மாதம், மலையில் பனி உருகி வாய்க்கால் கரை தொட்டு ஓடிய

(இந்த வாக்கியம் வேண்டாம். தண்ணீர் குறைவு என்றல்லவா மதகுக்காரன் கோர்ட்டில் சொன்னான். ஆனால் உண்மையில் கரை தொட்டுத்தான் ஓடியது. கிடக்கட்டும், அடிக்கவில்லை.)

மே மாதம். ஒரு மதகுக்காரன் இருந்தான். எர்காஷ் என்பவன் தண்ணீர்ச் சங்கத்துத் தலைவன். ஆய்ம்கானின் தோப்பில் சாலையோரத்துப் பாதியை அவன் கேட்டிருந்தான். பெட்ரோல் பங்க் வைக்கவேண்டுமாம். அவள் மாட்டேன் என்றாள். அவன் கோபப்படவில்லை. நேராக மதகுக்காரனிடம் வந்தான்.

"அண்ணே, அந்தம்மா பக்கத்து மதகு கொஞ்சம் ரிப்பேர் இல்ல?"

மதகுக்காரன் மதகைப் பார்த்தான். இரும்புப் பலகை, திருகாணி, மார்ச்சில்தான் எண்ணெய் போட்டது. ஒரு குறையும் இல்லை.

"ரிப்பேர்தான்" என்றான்.

3

இந்த ஆளை என்னால் நம்ப முடியவில்லை. ஏன் அப்படிச் சொன்னான்? எர்காஷ் மிரட்டினானா? இல்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டான். சிகரெட்டும் கொடுத்தான்.

'அவன் பயந்தான்' என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாகத் தெரிந்தது. பயம் என்றால் நெஞ்சு அடிக்கும். அவனுக்கு அடிக்கவில்லை. அதே வாய்க்காலின் கடைசியில் அவனுக்கு ஒரு துண்டு புல்வெளி இருக்கிறது, இரண்டு மாடு இருக்கிறது. அந்த நேரத்தில் அதை நினைத்தானா? நினைக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.*

* படித்தவர்களிடம் கேட்டால் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு வேண்டாம்.

4

பதினேழு நாள். காய் சுண்டைக்காய் அளவில் உதிர்ந்தது. பதினெட்டாம் நாள் எர்காஷ் காகிதத்தோடு அவள் வீட்டுக்கு வந்தான். சாட்சிக்கு மதகுக்காரனையும் கூட்டிவந்தான். சாலையோரப் பாதிக்குப் பதிலாக, தண்ணீர் ஏறாத மேட்டில் அதே அளவு கல்லுநிலம். கடைசி வரி: 'என் சொந்த விருப்பத்தின்படி.'

"கையெழுத்துப் போட்டா மீதி மரத்துக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டாள்.

"மதகு ரிப்பேராயிருக்கு அக்கா. பார்க்கச் சொல்றேன்."

அவள் மதகுக்காரனைப் பார்த்தாள். அவன் ஜமுக்காளத்தின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போட்டாள். அவனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

அப்புறம் அவள் செய்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சாப்பாட்டு விரிப்பை விரித்தாள். ரொட்டியைப் பிய்த்து வைத்தாள். விருந்தாளிக்கு ஊற்றுகிற மரியாதைப்படி, கிண்ணத்தில் பாதிப் பாதியாக டீ ஊற்றினாள். எழுந்திருக்கும்போது வழக்கப்படி எல்லோரும் பிரார்த்தனைக்குக் கையேந்தி, ஓமின் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம். (தடவிக்கொண்டார்கள்.)

சாயங்காலம் மதகு சரியாகிவிட்டது.

5

கோர்ட்டில் எர்காஷின் வக்கீல், சின்னப் பையன், மரியாதையாகத்தான் கேட்டான்.

"உங்களை யாராவது அடிச்சாங்களாம்மா?"

"இல்ல."

"மிரட்டினாங்களா?"

"வாயால இல்ல."

"அப்புறம் எதால?"

"தண்ணியால."

பின்வரிசையில் சிரித்தார்கள்.

"கையெழுத்துப் போட்டப்புறம் டீ ஊத்திக் குடுத்தீங்களா?"

"வீட்டுக்கு வந்தவனுக்கு ஊத்தாம?"

"ஓமின் சொல்லி முகத்தைத் தடவினீங்களா?"

"தடவாம எப்பிடிப்பா விரிப்பை விட்டு எழுந்திரிக்கிறது? உங்க வீட்டுல அப்பிடியே எழுந்து ஓடுவீங்களா?"

"அவ்வளவுதான் ஐயா" என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு மதகுக்காரனைக் கூப்பிட்டார்கள். மதகை யார் அடைத்தது என்றார் நீதிபதி. நான் என்றான். யார் சொல்லி?

அவன் வாயைத் திறந்து

அவன் நிமிர்ந்து நின்று

"ஆத்துல தண்ணி கம்மி ஐயா" என்றான். அன்றைக்கும் யாரும் அவனை மிரட்டவில்லை. எர்காஷ் கோர்ட்டுக்கே வரவில்லை. வராமலே ஜெயித்தான்.

6

முடிவுக்கு வரவேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

மதகுக்காரன் பெரிய கோர்ட்டில் உண்மையைச் சொல்கிறான், தோப்பு திரும்பி வருகிறது. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

ஆய்ம்கான் கையெழுத்துப் போடவே இல்லை, மரம் எல்லாம் காய்ந்துபோகிறது. இது நடந்திருக்கலாம். நடந்திருந்தால் பாவம் முழுக்க மதகோடு போயிருக்கும், அவள் கை சுத்தமாக இருந்திருக்கும்.

மூன்றாவது முடிவில் மதகுக்காரன் செத்துப்போகிறான். அதைக் கிழித்துவிட்டேன். அது தப்பித்து ஓடுகிற வழி.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மேலே எழுதியதை நாலு தடவை படித்துவிட்டேன். 'மதகுக்காரன்' என்று இருக்கிற இடத்திலெல்லாம் அடித்து 'நான்' என்று எழுதி, கீழே பேர் போட்டால், அவள் கேட்ட மனு இதுதான். போடாவிட்டால் கதை. இவ்வளவுதான் வித்தியாசம். இடம் விட்டிருக்கிறேன்:

.....................................

பேர் போட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே மட்டும் என்ன கேட்பார்கள்? நீயாகத்தான் எழுதினாயா, இந்த அம்மா அழுது எழுதவைத்தாளா என்பார்கள். நான் என்ன சொல்வேன்? என் வாய்தான் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமே. எர்காஷ் வேறு ஆளை மதகில் வைத்துவிட்டால், வெயில் கொளுத்துகிற ஜூலையில் என் புல்லுக்கு யார் மதகைத் திறப்பார்கள்? அவளா? நீங்களா?

"அண்ணே! எழுதிட்டீங்களா? பஸ் வந்துரும்!"

தெருக்கதவில் அவள் குரல். காகிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். உள்ளே வந்து எடுத்துக்கொள்ளட்டும். பேர் இல்லாத காகிதம் எதற்காவது ஆகுமா என்று எனக்குத் தெரியாது. ஆகாது என்றுதான் நினைக்கிறேன். மாட்டுத்தொழுவத்துப் பக்கக் கதவு திறந்திருக்கிறது, அந்த வழியாகப் போய்விடுவேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை.