இசக்கிமணி பேரில் வந்த ரத்தம்

பெயர் சரி, வயது சரி, எண் சரி, மெஷினும் சரி. ரத்தம் மட்டும் இசக்கிமணியுடையது இல்லை. இது எப்படி நடக்கும் என்று அஃப்ரினுக்குப் பிடிபடவில்லை. தென்காசியில் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

இசக்கிமணி குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். சீசனில் அருவிக்கரைக் கடைக்காரர்களுக்காக நிலையம் நடத்திய முகாமில், போகிற போக்கில் அவரும் கையை நீட்டியிருந்தார். சிறுநீரகம் பெரும்பாலும் கெட்டுவிட்டது என்று அறிக்கை வந்தது. திருநெல்வேலிக்கு ஓடி மறுபடி சோதித்தால், ஒரு குறையும் இல்லை. இரண்டு அறிக்கைகளோடும் நிலையத்துக்கு வந்து நின்றார்.

“வே குத்தாலிங்கம், உம்ம பேப்பரப் பாத்து எம்பொண்டாட்டி அழுதா. எனக்காக அவ அழுது இப்பதான்வே பாக்குதேன். அதுக்கு வேணா உமக்கு ஒரு கும்பிடு.”

ரத்தம் எடுக்கிற குத்தாலிங்கம் சிரிக்கவில்லை. “உமக்கு இல்லன்னா அது வேற ஒருத்தனுக்கு இருக்குல்லா. நல்லா இருக்கேன்னு நாம கொடுத்த தாள வச்சிக்கிட்டு அவன் திரியுதான்.”

முகாமில் என்ன செய்தீர்கள் என்று அஃப்ரின் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சாரல் பிடித்தால் அங்கே சிக்னல் நிற்காது. அதனால் குத்தாலிங்கம் பெயர்களை மென்பொருள் திரையில் வரிசையாகத் தட்டி வைத்துக்கொள்வார். ரத்தக் குழாய்களை அதே வரிசையில் ஸ்டாண்டில் நிறுத்துவார். சிக்னல் வந்ததும் எல்லாப் பெயர்களையும் ஒரே தட்டலில் சேமிப்பார். எண்கள் ஸ்டிக்கராக அச்சாகி வரும். முதல் ஸ்டிக்கர் முதல் குழாய்க்கு, அடுத்தது அடுத்ததற்கு. போன சீசன்வரை ஒரு பிசகும் இல்லை.

தன் லேப்டாப்பில் கொஞ்சம் பெயர்களை வைத்துச் செய்து பார்த்தாள், வரிசை மாறவில்லை. நிலையத்தின் முழுத் தகவலையும் நகலெடுத்து அதில் செய்து பார்த்தாள். தரவுத்தளத்தின் பதில் வரிசை கலைந்து வந்தது.

“அண்ணாச்சி, லாண்டரியில மூட்டையா துணி போடுதோம். ஒண்ணும் தொலையாம வருது. ஆனா போட்ட வரிசையிலதான் வரும்னு அவங்க சொன்னாங்களா?”

“இல்ல.”

“டேட்டாபேஸும் அப்படித்தான். எல்லாரையும் பதிஞ்சிரும். ஆளுக்கொரு நம்பர் கொடுக்கும். நாம அனுப்புன வரிசையில கொடுக்கும்னு யாரும் சொல்லல. நான்தான் நம்பிட்டேன்.”

அவள் எழுதிய கட்டளை, ஒவ்வொரு பெயரையும் பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டபடியே பதியும். பழைய பட்டியல் சிறிதாக இருந்தவரை தரவுத்தளம் மேலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்தது. வரிசை தற்செயலாகக் குலையாமல் இருந்தது. இந்த வருடம் பட்டியல் பெருத்துவிட்டது. தரவுத்தளம் வேகமான வேறு வழியைத் தானே தேர்ந்து, ஆட்களைக் கூறுகூறாகப் பிரித்துத் தேடியது. வேலை சீக்கிரம் முடிந்தது, வரிசை போனது. அதன் பக்கம் ஒரு தவறும் இல்லை.

“அப்ப பழையபடி அடுக்கிரலாம்லா?”

“நீங்க தட்டுன வரிசை ஸ்கிரீன்ல மட்டும்தான் இருந்துச்சு, அண்ணாச்சி. சேமிச்சதும் அது அழிஞ்சிருச்சு.”

குழாய்கள் எப்போதோ கழிவோடு எரிக்கப்பட்டிருந்தன.

அந்த முகாமில் ரத்தம் கொடுத்த எல்லோருக்கும் போன் போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். எல்லாருக்கும் நன்றாகவே இருந்தது. நன்றாக இருக்க இருக்க அஃப்ரின் பட்டியலில் பெயர்களை அடித்துக்கொண்டே வந்தாள்; நோய் மிச்சமிருந்த பெயர்களில் ஒன்றுக்குத்தான். மிச்சமிருந்தவர்கள் சீசனுக்குச் சிப்ஸ் வறுக்கவும் பழம் விற்கவும் எங்கிருந்தோ வந்தவர்கள். போன்கள் அணைந்து கிடந்தன. இசக்கிமணி ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய் விசாரித்துவிட்டு வந்தார்.

“கடையெல்லாம் பிரிச்சாச்சு தாயி. வெறும் கம்புதான் நிக்குது. எந்த ஊருக்குப் போனாவன்னு ஒருத்தருக்கும் தெரியல.”

பிறகு குத்தாலிங்கம், “அடுத்த முகாம் சுரண்டையில. அதுக்காவது வழி பண்ணு,” என்றார்.

வழி சின்னதுதான். அதைச் செய்ய அவளுக்கு ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பெயரைத் தட்டும்போதே திரை அதற்கு ஒரு தனி எண் தரும். ஊசி குத்துமுன் குத்தாலிங்கம் அதைப் பேனாவால் குழாயில் எழுதிவிடுவார். அந்த எண்ணும் பெயரோடு ஒரு கட்டமாகத் தரவுத்தளத்துக்குப் போகும், பதிலிலும் கூடவே திரும்பி வரும், ஸ்டிக்கரிலும் அச்சாகும். ஸ்டிக்கரில் உள்ள எண் குழாயில் உள்ள எண்ணாக இருந்தால்தான் ஒட்ட வேண்டும். எண் எழுதிய வெறுங்குழாய்களை வைத்து முழு நகலில் ஓட்டிப் பார்த்தாள். பதில் முன்போலவே கலைந்து வந்தது. ஒவ்வொரு ஸ்டிக்கரும் அதற்குரிய குழாயில் சேர்ந்தது.