முதல் சொந்தம்

ஆரோக்கிய பிரவீனுக்குக் கல்யாணமாகி நாற்பத்தோரு நாள்தான் ஆகியிருந்தது. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு பைக்கில் திரும்பியவனை வேன் ஒன்று இடித்துத் தள்ளியது. நினைவில்லாமல் தர்மபுரி ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தான்.

முதலில் ஓடிவந்தவள் அக்கா ரோசம்மா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பத்தொன்பது. வந்த வரன்களையெல்லாம் திருப்பியனுப்பிவிட்டு அவனை வளர்த்தாள்.

நர்ஸ் நீட்டிய ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போட ரோசம்மா பேனாவைத் திறந்தபோது, அவன் மனைவி பிளசி அழுதபடி வந்து சேர்ந்தாள்.

"இவங்க சம்சாரமா? அப்ப இவங்களே போடட்டும்ங்க," என்றாள் நர்ஸ்.

"நான் வளத்த புள்ளைங்க அவன்!"

"சரிங்க. ஆனா சம்சாரம் இருக்கறப்ப அவங்கதான் முதல் சொந்தம். கூடப்பொறந்தவங்க அப்பறந்தான்."

பேனா கைமாறியது. "போடட்டுங்களா அண்ணி?" என்று பிளசி கேட்டாள். அந்தப் பணிவைக் கண்டுதான் ரோசம்மாவுக்கு இன்னும் எரிந்தது. முப்பது வருஷத்தில் அவள் பெறாத உரிமை, ஒரு தாலியில் இவளுக்கு வந்துவிட்டது.

"என்னைய எதுக்குக் கேக்கற? அதான் நீயிருக்கயே."

பிளசி கையெழுத்திட்டாள்.

"ஏதாவது மருந்து ஒத்துக்காதாங்க அவருக்கு?" நர்ஸ் கேட்டாள்.

"தெரியலைங்க... அப்படி எதுவும் சொன்னதில்ல."

ரோசம்மாவுக்குத் தெரியும். பத்து வயதில் பென்சிலின் ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கி, மூச்சுத் திணறிப் பிழைத்தவன் அவன். சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். முதல் சொந்தம்தானே, அவளே சொல்லட்டும்.

நர்ஸ் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு உள்ளே நடந்தாள். கதவு சாத்திக்கொண்டது. அந்த 'இல்லை' தம்பியின் உயிரையே வாங்கிவிடலாம் என்று அப்போதுதான் ரோசம்மாவுக்கு உறைத்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"பென்சிலின் ஆகாதுங்க! அவனுக்குப் போட்றாதீங்க!"

"நல்ல வேளைங்க, சொன்னீங்க," என்று நர்ஸ் சீட்டைத் திருத்தினாள். பிளசி ரோசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்கும் அண்ணி!" ரோசம்மாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் மதியம் பிரவீன் கண் திறந்தபோது பக்கத்தில் இருந்தவள் ரோசம்மாதான். அவளைப் பார்த்தான், உதடு மெல்ல அசைந்தது.

"பிளசி எங்கக்கா?"

ரோசம்மா வெளியே வந்தாள். நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த பிளசியைத் தொட்டு எழுப்பினாள்.

"போ. உன்னத்தான் கேக்கறான்."

அவள் எழுந்து போன நாற்காலியில் ரோசம்மா உட்கார்ந்தாள். பொறாமை போகவில்லை. தம்பி பிழைத்துவிட்டான் என்ற நிம்மதியோடு அதுவும் உள்ளே இருந்தது.