ஏளாவுக்கு ஊற்றிய தண்ணீர்

சுமேர் நாட்டில் எங்கள் கிர்சு நகரத்தில், கால்வாய்த் தெருவிலிருந்த சவாருவின் வீட்டுக் குழாயில், செத்தவர் பேரைச் சொல்லி ஊற்றிய தண்ணீர் கீழே போய்விடும். உயிரோடிருப்பவர் பேரைச் சொல்லி ஊற்றினால் திரும்பி வந்துவிடும். இது தெரியவந்தது பார்லி விலை சரிந்த வருஷம்.

சவாரு கடலுக்கு அப்பால், சிந்து ஆற்றங்கரை மெலுஹா தேசத்துக்காரன். கப்பலில் சிவப்புக்கல் மணி கொண்டுவந்தவர்களுக்கு மொழிபெயர்க்க வந்தவன், கப்பல்கள் வருவது நின்றதும் இங்கேயே தங்கிவிட்டான். அவன் மொழி தெரிந்தவர் ஊரில் வேறு யாருமில்லை. பாவம், தன்னோடு தானே பேசிக்கொள்வான். அறுவடை நேரத்தில் பொங்கி வந்து கெடுக்கிற எங்கள் ஆற்றைப் புத்திகெட்ட ஆறு என்பான். அவன் ஊர் ஆறு விதைப்புக்கு முன்பே வந்து வண்டலைப் போட்டுவிட்டுப் போய்விடுமாம். அங்கே எல்லாச் செங்கலும் ஒரே அளவாம், வீட்டுக்கு வீடு குளியலறையாம். இவ்வளவு பெரிய கோயில் கட்டியவர்களுக்குக் குளிக்க ஓர் அறை கட்டத் தோன்றவில்லையே என்று அங்கலாய்ப்பான். நாங்கள் நம்பவில்லை.

ரோஷத்தில் ஒரு குளியலறை கட்டி, அழுக்குத் தண்ணீர் போகச் சுட்ட மண்குழாய்களைத் தரைக்குள் இறக்கினான். நாங்களோ செத்தவர்களை வீட்டுத் தரைக்கடியில் புதைத்து, அவர்கள் தாகத்துக்கு அதே மாதிரிக் குழாயில்தான் தண்ணீர் விடுவோம். குழாயைப் பார்த்த பக்கத்து வீட்டு நின்கல்லா, மது காய்ச்சும் விதவை, ஒரு குடம் மதுவோடு துக்கம் விசாரிக்க வந்துவிட்டாள். வந்ததற்குத் தன் புருஷன் பேரைச் சொல்லிக் கொஞ்சம் ஊற்றினாள். உள்ளே மடக்மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. சந்தேகம் தீரத் தன் பேரையே சொல்லி ஊற்றினாள். மது முகத்தில் வந்து அடித்தது.

"அண்ணே, ஊர்ல விட்டுட்டு வந்த அண்ணி பேரச் சொல்லி ஊத்திப் பாருங்களேன். இருக்காங்களா இல்லையான்னு தெரிஞ்சுடும்ல?"

"தெரியாத வரைக்கும் அவ இருக்கா. அது போதும் தங்கச்சி."

குளியலைப் பற்றி அவ்வளவு பீற்றிக்கொண்டவன் அதன்பின் மூன்று வருஷம் குளிக்கவே இல்லை. தண்ணீர் ஊற்றும்போது வாய்தவறி மனைவி பேர் வந்துவிடுமோ என்று பயம். நாலாம் வருஷம் ஒரு காலையில் அவள் முகம் எப்படியிருக்கும் என்பது மறந்துபோயிருந்தது. அதைத் தாங்க அவனால் முடியவில்லை. "ஏளா" என்று சொல்லி ஊற்றினான். தண்ணீர் அப்படியே பொங்கி மேலே வந்தது. அவன் வாய்விட்டு அழுதது தெரு முழுக்கக் கேட்டது.

அன்று முதல் தினமும் காலையில் ஒரு செம்பு ஊற்றுவான். தினமும் திரும்பி வரும். கணவன் மனைவிக்குள் பேச்சுவார்த்தை என்று இருந்தது அவ்வளவுதான். கொடுத்ததை மனைவி வாங்காமல் திருப்பி அனுப்பியதற்காகச் சந்தோஷப்பட்ட ஆளை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை. இப்படிப் பதினொரு வருஷம் போயிற்று.

பேரீச்சம்பழம் பறிக்கும் மாதத்தில் ஒருநாள் ஊற்றிய தண்ணீர் திரும்பவில்லை. வெயில் முற்றத்துக்கு வரும்வரை குழாய் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தான்.

"நின்கல்லா, பெரிய குடமா ஒண்ணு கொண்டாம்மா. ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கா."