சில்லு வைக்காத கல்

...இதில் ஏழாம் எண் வேறு, மஞ்சள் காகிதத்தில் எழுதி எர்மிலாவின் மார்பில் ஒட்டியே விட்டான் வழிகாட்டி, அதுவும் மகள் நெல்மி மூன்று மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கழுத்தைச் சுற்றிப் பூ தைத்துக் கொடுத்த வெள்ளை உடுப்பின் மேல், பசை போகுமா போகாதா என்று ஒரு வார்த்தை கேட்டானா, எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி, வழிகாட்டிக்கு ஒரு பச்சைக் குடை, குடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் எட்டுப் பேரும் சாயவேண்டும், எர்மிலாவுக்குத் தன் கோழிகளின் ஞாபகம் வந்தது, அவையாவது கொஞ்சம் மரியாதையாக நடக்கும். அறுபத்து மூன்று வயதில், பிறந்த ஊரிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம் தள்ளி இருக்கிற இடிபாட்டைப் பார்க்கச் சுற்றுலாக் குழுவில் சேர்ந்து வந்த பைத்தியக்காரி இந்த யுகாத்தான் முழுக்கத் தேடினாலும் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நேரே பின்முற்றத்துக்குப் போய், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, உண்டு இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பிவிடலாம் என்றால் அது முடியாதாம், போன வருடத்திலிருந்து பின்முற்றத்துக்குள் குழுவாகத்தான் விடுவார்களாம், அதற்கு முன்னால் பெரிய கோபுரம், சின்னக் கோபுரம், பந்தாட்டத் திடல், எல்லாவற்றின் முன்னாலும் நின்று வாயைப் பிளக்கவேண்டுமாம். அவள் புருஷன் பெனிக்னோ பத்தொன்பது வருடம் இங்கே கொத்தனாராக இருந்தவன், இந்தப் பெரிய கோபுரத்தின் கிழக்குப் படியில் பாதி அவன் தோளில் ஏறின கல், அது இந்தக் குடைக்காரனுக்குத் தெரியுமா... "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... ஏழு எங்க? ஏழு!" "இங்கதான்யா நிக்கிறேன், தொலைஞ்சா போயிட்டேன்?" "கோச்சுக்காதீங்கம்மா, கூட்டத்தோட ஒட்டி வாங்க, வழி தவறிடுவீங்க." வழி தவறுவாளாம், அவள்.

"எல்லாரும் கண்ண மூடுங்க, மூச்ச நல்லா இழுத்து விடுங்க," என்றான் வில்பெர்த், அதுதான் குடைக்காரன் பெயராம், "மறைஞ்சுபோன மாயா ஜனங்களோட சக்தி உங்க உள்ளங்கால் வழியா ஏறுறது தெரியுதா?" ஏழு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள், எர்மிலா மூடவில்லை, உள்ளங்கால் வழியாக ஏறியது சிவப்பெறும்புதான். மறைந்து போனார்களாமே! காலையில் வேனுக்குப் பின்னால் நின்று போனில் தன் அம்மாவிடம், சாப்பிட்டாயிற்று, சட்டையை இஸ்திரி போட்டுவை என்று மாயா மொழியில் பேசியது யார், மறைந்து போனவனா? மான்டெரேயிலிருந்து வந்த விசிறிக்கார அம்மாள் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள், வேன் கிளம்பியதிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாள், "நீங்க அந்தப் பாஷை பேசுவீங்களா?" என்று கேட்டே விட்டாள், "பேசுவேன், கோழிங்ககூடக் கேக்கும்," என்றாள் எர்மிலா, அந்த அம்மாள் அதற்கும் சந்தோஷப்பட்டு, கூட நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்றாள். எடுத்துத் தொலை. எல்லாம் நெல்மியால் வந்த வினை. "டிக்கெட் வாங்கிட்டேன், போய்ப் பாத்துட்டு வா, அப்புறம் உன் இஷ்டம்," என்று மேஜைமேல் விசிறிவிட்டுப் போனாள் மகள். இன்னும் நாலு நாளில் செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள் தொடங்குகின்றன, முதல் நாள் குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. போன வருடம் முதல் நாள் மூத்தவள் லூசெலிக்கு வழக்கம்போல வெல்லப்பாகில் வேகவைத்த பூசணி, சின்னக் கோப்பையில் பால் விட்ட சாக்லேட், சிவப்பு மெழுகுவத்தி எல்லாம் வைத்தாள், மறுநாள் பெனிக்னோவுக்கு ஒன்றும் வைக்கவில்லை, அவன் செத்து வரும் முதல் வருகை அது. நெல்மி கேட்டாள், "அப்பாவோட நீலக் கோப்பை எங்கம்மா?" "எனக்கென்ன தெரியும்." "அப்போ அப்பா எங்க குடிப்பாரு? வாசல்ல போக்கிடம் இல்லாத ஆத்மாக்களுக்கு ஒரு கோப்பை வப்போமே, அதுலயா? ஆளில்லாத அநாதைங்களோட வரிசையில நின்னா?" என்று சொல்லி அழுதாள். நிற்கட்டுமே. அன்றைக்கு எர்மிலா நிற்கவில்லையா, தனியாக, சவக்குழி ஓரத்தில், ஐந்து சாண் பெட்டியோடு?

அதுதான் விஷயம், வேறு என்ன. முப்பத்தொரு வருடம் ஆகிறது, லூசெலிக்கு இரண்டரை வயது, இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை விடியும்போது உடம்பு சில்லென்று ஆகிவிட்டது, லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பினாள், சேதி அன்று மதியமே வேலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, லாரிக்காரன் சத்தியம் பண்ணினான், ஆனால் பெனிக்னோ வரவில்லை, புதன்கிழமை புதைத்தாயிற்று, வரவில்லை, ஞாயிறு வரவில்லை, பத்தாம் நாள் வந்து வாசலில் நின்றான், கண் சிவந்து, தலையெல்லாம் வெளுத்து, குடித்துக் கிடந்தவன் முகம். எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்டதற்கு "வேலை இருந்துச்சு" என்றான். வேலை! அவள் அப்போது கத்தினது தெருக்கோடி வரை கேட்டிருக்கும், "பெத்த புள்ள முகத்த என்னைக்காவது நிமிந்து பாத்திருக்கியா? மாசத்துக்கு ரெண்டு நாள் வந்து தூங்கிட்டுப் போவ. அவளுக்கு எந்தக் காது மடிஞ்சிருக்கும், சொல்லு பாப்போம்? சொல்லுய்யா!" அவன் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வான். அதற்கப்புறம் நெல்மி பிறந்தாள், அவன் இருமினான், இவள் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், எல்லாம் நடந்தது, மன்னிப்பு மட்டும் நடக்கவில்லை. ஒரே ஒரு தடவை, சோளம் உரித்துக்கொண்டிருந்தபோது, தரையைப் பார்த்தபடி சொன்னான், பின்முற்றத்தில் அவளுக்காக ஒரு கல் வைத்திருக்கிறேன், வந்து பார்க்கிறாயா என்று. "அவளுக்கு அப்பன் வேணும்னு இருந்துச்சு, கல்லு இல்ல," என்றாள். அத்தோடு சரி. சாகும்போது நெல்மியிடம் மட்டும் இடம் சொல்லியிருக்கிறான், பின்முற்றம், உள் வாசலுக்கு இடது பக்கம், முழங்கால் உயரம். பத்து நாள் காணாமல் போனவன் கட்டிவிட்ட கதை என்றுதான் எர்மிலா இந்த நிமிடம் வரை நினைக்கிறாள், கதையாக இருந்தால் அந்தக் கோப்பை அவனுக்கு இந்த வருடமும் கிடையாது, எந்த வருடமும் கிடையாது, நெல்மி தலைகீழாக நின்றாலும் சரி.

பந்தாட்டத் திடலில் கை தட்டச் சொன்னான், எதிரொலி வருகிறதாம், தட்டினார்கள், மறுபடி தட்டச் சொன்னான், விசிறிக்கார அம்மாளின் புருஷன் மூன்றாம் தடவையும் தட்டினார், ஐயா போதும்யா, கல் அலுத்துப்போய்விட்டது, செருப்பு வார் குதிகாலைத் தின்கிறது, தண்ணீர் பாட்டில் வெந்நீர் ஆகிவிட்டது, பின்முற்றம் அதோ தெரிகிறது, ஐம்பது அடி... ஆனால் குடை இன்னும் சாயவில்லை. பக்கத்துச் சுவரைக் காட்டி அவன் தொடங்கிவிட்டான், "ரெண்டு கல்லுக்கு நடுவுல காரையில சின்னச் சின்னக் கல்லுச் சில்லு பதிச்சிருக்கு பாருங்க, வரிசையா? எங்க சில்லு இருக்கோ அது நம்ம காலத்துக் கொத்தனாருங்க எடுத்துக் கட்டினது. சில்லு இல்லைன்னா அந்தக் காலத்துக் கை. அதனால இந்தச் சுவர் பொய் சொல்லாது." எல்லோரும் ஆகா என்றார்கள். சில்லைப் பற்றி இவளுக்கா பாடம்? பெனிக்னோவின் கால்சட்டைப் பையில் எப்போதும் அந்தச் சனியன்கள் கிடக்கும், துவைக்கும் தொட்டியின் அடைப்பில் போய்ச் சிக்கும், எத்தனை தடவை கையைக் கீறியிருக்கிறது, கொண்டுபோய் முகத்திலேயே வீசியிருக்கிறாள், "எதுக்குய்யா இந்தக் குப்பைய வீடு வரைக்கும் சொமக்கிற?" "நாம கட்டினத நாம கட்டினதுன்னு சொல்லணும் எர்மி. பழசுன்னு ஏமாத்தக் கூடாது," என்பான். சில்லு வைக்க மறந்ததற்காகத் தன் சொந்தத் தம்பியையே வேலையை விட்டு அனுப்பியவன், அந்த விஷயத்தில் மட்டும் அவ்வளவு நேர்மை, வீட்டு விஷயத்தில்தான் வாய் திறக்காது.

குடை சாய்ந்தது, ஒருவழியாக. பின்முற்றத்தின் கூரை மூடிய நடைக்குள் நுழைந்ததும் குளிர்ச்சியாக இருந்தது, வௌவால் நாற்றம், எர்மிலா மற்றவர்களை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள் வாசலைத் தேடினாள், இடது பக்கம், முழங்கால் உயரம்... ஒன்றும் இல்லை, வெறும் சதுரக் கல், பிறகு ஒரு சதுரக் கல், பார்த்தாயா, நான் அப்போதே... "இங்க பாருங்க," என்றான் வில்பெர்த், குடையின் நுனியால், அவள் நிற்கும் இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, அவள் பாவாடைக்குப் பின்னால், "ஏழு, கொஞ்சம் நகருங்கம்மா, நீங்க மறைக்கிறீங்க." நகர்ந்தாள். ஒரு சாண் முகம். உப்பின கன்னம், பாதி திறந்த வாய், எதையோ கேட்க ஆரம்பித்து நிறுத்தினாற்போல. "மழைத் தேவனோட குட்டி ஏவலாள்னு சொல்றாங்க, இந்த மாதிரி முகம் வேற எந்த ஊர் இடிபாட்டுலயும் கெடையாது. சுத்தி ஒரு சில்லுகூட இல்ல, பாருங்க, அப்படியே அசல், ஆயிரத்தி இருநூறு வருஷம். இடது காது மேல்பக்கம் மட்டும் ஒடஞ்சிருக்கு." "ஒடையல," என்றாள் எர்மிலா. "என்னம்மா?" "ஒண்ணுமில்ல."

உடையவில்லை, மடிந்திருக்கிறது, இடது காது, மேல்நுனி உள்பக்கமாக, பிறக்கும்போதே அப்படித்தான், தினமும் குளிப்பாட்டிவிட்டுக் கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு நீவி நீவிப் பார்ப்பாள், நிமிராது, விரலை எடுத்ததும் மறுபடி மடிந்துகொள்ளும், அது எர்மிலாவுக்கும் தெரியும், செத்துப்போன மருத்துவச்சிக்கும் தெரியும், வேறு யாருக்கும்... மாதத்துக்கு இரண்டு நாள் வந்து தூங்கினவனுக்கு எப்படித் தெரிந்தது? எப்போது பார்த்தான், அவள் தூங்கின பிறகா? பாவி, காதுக்குள்ளே இருக்கிற சுழிவரைக்கும் கொத்தியிருக்கிறானே, எந்தக் காது என்று வாசலில் நிற்கவைத்துக் கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டதா, இடது என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருந்தால்... சில்லும் வைக்கவில்லை, சில்லு வைக்காதவனைத் தம்பி என்றும் பார்க்காமல் துரத்தினவன் தன் கல்லுக்கு வைக்கவில்லை, வைத்திருந்தால் எப்போது வைத்தது, யார் வைத்தது என்று கணக்குக் கேட்டுப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். எர்மிலா செருப்பு வாரைச் சரிசெய்கிறவளைப்போல உட்கார்ந்தாள், கட்டைவிரலை அந்தக் காதில் வைத்தாள், நீவினாள். "அம்மா! கைய எடுங்க! கையில இருக்கிற பிசுக்கு பட்டா கல்லு கெட்டுரும், ஆயிரத்தி இருநூறு வருஷம் பழசு!" முப்பத்தொன்றுடா தம்பி, உன்னைவிட இரண்டு வயது கூட இருக்குமா, சொல்லட்டுமா? சொன்னால் நாளைக்கே உளியோடு வருவார்கள். எடுத்தாள் கையை. விசிறிக்கார அம்மாள் கண் கலங்கி அவள் தோளைத் தொட்டு, "உங்க முன்னோர்களாச்சே, உங்களுக்குத் தாங்க முடியலல்ல?" என்றாள், எர்மிலா ஆமாம் என்று தலையாட்டிவைத்தாள், அழுகையை யாரிடமாவது எந்தக் காரணத்தையாவது சொல்லி ஒப்பேற்ற வேண்டியிருந்தது.

வேனில் திரும்பும்போது ஜன்னல் ஓரம் கிடைத்தது. இந்த மாதிரி ஒரு முகம் கொத்த எத்தனை நாள் ஆகும், மேஸ்திரிக்குத் தெரியாமல், ஐந்து நாள், எட்டு நாள்? அப்படியானால் அந்தப் பத்து நாளும்... தலை வெளுத்திருந்தது கல் தூசியா, கண் சிவந்திருந்தது? சாராய வாடை அடித்தது என்று முப்பத்தொரு வருடமாக ஊரெல்லாம் சொல்லிவருகிறாள், அடித்ததா? யோசித்து யோசித்துப் பார்த்தாள், மூக்கில் சுண்ணாம்பு வாடைதான் வந்தது, அது அன்றைய வாடையா, இன்றைக்கு அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்ட வாடையா, எப்படிப் பிரித்துச் சொல்வது. இருந்தாலும் வந்திருக்கவேண்டும். கல்லை அப்புறம் கொத்தியிருக்கலாம், கல் எங்கே ஓடிப்போகும், குழந்தையை மண்ணில் இறக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கவேண்டும், அதை எந்தக் காதைக் கொத்தியும் சரிக்கட்ட முடியாது. கல்லப் பாக்க வான்னு ஒரு தடவைதான் கூப்பிடுவியாய்யா? ரெண்டாந்தடவை கூப்பிட வாய் வலிச்சுதா? ரெண்டாவது தடவை கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன்தான், அது வேற விஷயம், நீ கூப்பிட்டிருக்கணும்... "ஒண்ணு, ரெண்டு, மூணு..." வில்பெர்த் மறுபடியும் எண்ண ஆரம்பித்தான், "ஏழு?" "இருக்கேன்," என்றாள். மார்பிலிருந்து மஞ்சள் காகிதத்தை உரித்தாள், நினைத்தபடியே பூவின் மேல் பசை நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனதும் முதலில் கோழிக்கூண்டைத் திறக்கவேண்டும். அவன் செத்த மறுவாரமே அந்த நீலக் கோப்பையை அங்கேதான் வைத்தாள், கோழிகள் தண்ணீர் குடிக்க. இரண்டு வருடம் ஆகப்போகிறது, விளிம்பெல்லாம் எச்சம் காய்ந்து, அடியில் பாசி பிடித்துக் கிடக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தால் போகுமா... நாலு நாள்தான் இருக்கிறது.